பழ நிலவறை, பவெல்கா பண்ணை, நெப்ராஸ்கா

குளிர்காலத்துக்கான பழங்களையும் ஊறுகாயையும் சேமித்த நிலவறை இது. வில்லா கேதர் எழுதிய ‘மை ஆந்தோனியா’ (1918) நாவலில் ஆந்தோனியாவின் பிள்ளைகள் திமுதிமுவென வெளிச்சத்துக்கு ஓடிவரும் இடமும் இதுதான். அந்தப் பாத்திரத்தின் முன்மாதிரி, பொஹீமியாவிலிருந்து சிறுமியாக வந்து பின்னாளில் இங்கே குடும்பம் நடத்திய அன்னா பவெல்கா.

அன்னாவின் தந்தை நெப்ராஸ்கா புல்வெளியில் தற்கொலை செய்துகொண்டார். நாவலிலும் அந்தச் சாவு வருகிறது. பிறகு ஆந்தோனியா ஆண்களுக்கு ஈடாக ஏர் பிடிக்கிறாள். பள்ளிக்கூடம் எட்டாமலே போகிறது. அடுத்து, ஊருக்குள் வீட்டு வேலை.

எல்லைப்புறக் கதை என்றாலே குதிரையும் துப்பாக்கியும்தான் என்றிருந்த காலத்தில், கூலிவேலைக்குப் போன குடியேறிப் பெண்களைக் கதையின் நடுவில் நிறுத்தினார் கேதர். அது பெரிய துணிச்சல். பண்ணைக் கடனை அடைக்க உதவியது அவர்களுடைய சம்பளம். ஆனால் ஊரார் அவர்களைத் தாழ்வாகவே பார்த்தார்கள். கேதர் அதையும் மறைக்கவில்லை.

அந்தப் பெண்கள் எல்லோரும் மண்ணோடு தங்கிவிடவுமில்லை. ஆந்தோனியாவின் தோழி, நார்வேக்காரி லீனா லிங்கார்ட், திருமணமே வேண்டாமென்று லிங்கன் நகரில் தையற்கடை வைத்து, சொந்த உழைப்பில் முன்னேறுகிறாள்.