கீழ்வானில் ஒரு நிலவு மறைப்பு

திருக்குறளின் 'அலர் அறிவுறுத்தல்' அதிகாரத்தில் காதலர் ஒருவரின் ஏக்கம் பேசப்படுகிறது. கண்டது ஒரு நாளே. எழுந்த அலரோ, திங்களைப் பாம்பு பற்றிய செய்தி போல எங்கும் பரவிவிட்டது என்பது அக்குறளின் கருத்து. பாம்பு பற்றுதல் அக்கால நம்பிக்கை. ஆயினும் அவ்வுவமையின் உயிர் பாம்பில் இல்லை. அந்நிகழ்வை அனைவரும் ஒருசேர அறிவர் என்பதிலேயே உள்ளது. அக்கருத்தோடு வானியலும் உடன்படுவதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஞாயிற்றுக்கும் நிலவுக்கும் இடையே புவி நேர்கோட்டில் அமையும்போது, புவியின் நிழல் நிலவின்மீது விழுகிறது. இது முழுநிலா நாளில் மட்டுமே நிகழும். நிழல் நிலவின்மீதே படிவதால், அவ்வேளையில் நிலவு தெரியும் நாடுகளில் உள்ளோர் அனைவரும் அதனை ஒரே கணத்தில் காண்பர். மாறுபடுவது கடிகாரம் காட்டும் நேரம் மட்டுமே.

2018 சனவரி 31ஆம் நாள் மாலை மாணவர் சிலருடன் சென்னைக் கடற்கரையில் நின்றிருந்தேன். 5.18 மணிக்கே மறைப்பு தொடங்கிவிட்டது. அப்போது நிலவு நமக்கு எழவில்லை. 6 மணியை ஒட்டி அது எழுந்தபோது, அதன் பெரும்பகுதி நிழலுக்குள் இருந்தது. மேற்கில் அந்தி ஒளி. கிழக்கில் கடல்மேல் மங்கல். "நிலவு எங்கே ஐயா?" என்று மாணவர்கள் தேடினர். 6.21க்கு முழுமறைப்பு தொடங்கி, இருளும் கூடிய பின்னரே, பழைய செப்புக்காசு போல அது கண்ணுக்குப் புலப்பட்டது. புவியின் காற்று மண்டலத்தின் வழியே வளைந்து செல்லும் ஞாயிற்றொளியில் நீலம் சிதறிவிட, சிவப்பே எஞ்சி நிலவைச் சென்று அடைகிறது. அதுவே அந்நிறத்திற்குக் காரணம்.

சென்னையில் நிலவு அடிவானத்தில் தவழ்ந்த அதே கணத்தில் தோக்கியோவில் இரவு 9.51 மணி, அங்கு அது வானில் உயர ஏறியிருந்தது. இலண்டனில் நண்பகல் கடந்து 12.51, அங்கு நிலவே எழவில்லை. நிகழ்வு ஒன்று, மணி மூன்று. புவி உருண்டை என்பதற்கும், அது சுழல்கிறது என்பதற்கும் இதனினும் எளிய பாடம் வேண்டுமோ?

இவ்வுண்மையை அறிஞர் அல்பீரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தினார். 997ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த நிலவு மறைப்பை அவர் குவாரிசம் நாட்டின் காத் நகரிலிருந்தும், அபுல் வஃபா பாக்தாதிலிருந்தும் கண்டு நேரம் குறித்தனர். இரு நகர்களின் நேர வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி எனத் தெரிந்தது. ஒரு மணி நேரத்திற்குப் புவி 15 பாகை சுழல்வதால், நகர்களுக்கிடையே உள்ள தீர்க்கரேகை வேறுபாட்டை அதிலிருந்து கணக்கிட முடிந்தது. அப்போது அல்பீரூனிக்கு வயது இருபத்து நான்கு அளவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் ஞாயிற்று மறைப்பு ஏற்பட்டது. அம்மரணத்தினாலேயே அது நிகழ்ந்தது என மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் ஞாயிறும் திங்களும் மறைவதில்லை என்று நாயகம் அதனை மறுத்து, தொழுகையில் ஈடுபடுமாறு பணித்தார்கள். துயரம் மிகுந்த வேளையிலும் அவர்கள் தவறான நம்பிக்கைக்கு இடம் தரவில்லை என்பது எண்ணத்தக்கது.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவர் கூறிய செய்தி இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது. கருவுற்றிருந்த அவர் தமக்கையை வீட்டார் அன்று மாலை முழுவதும் சன்னல் அடைத்த அறைக்குள் இருத்தியிருந்தனராம். தம்பி தாம் கண்டதைச் சொல்லக் கேட்ட அவர், "வெறும் நிழல்தானா? அதற்கா என்னைப் பூட்டினார்கள்?" என்று வினவினாராம். நிலவு மறைப்பை வெறுங்கண்ணால் காண்பதால் எவருக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும், எத்தீங்கும் இல்லை.

உலகறிய நிகழ்வதற்கு வள்ளுவர் உவமை கூறிய காட்சியை அப்பெண்மணி மட்டும் காணவில்லை. அடுத்த மறைப்பு வரும்போது, மாணவச் செல்வங்களே, முதலில் நும் வீட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள்.