பறவைகளைப் பாடவைத்த இசைக்கலைஞர்

ஒருவர் வாசிப்பதைக் கேட்டுப் பறவைகள் பாட்டை நிறுத்துமா?

நிறுத்தின என்கிறது, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பழைய கதை ஒன்று. வாசித்தவர் பிரான்செஸ்கோ லாந்தினி. இன்றைக்கு 600 வருஷங்களுக்கும் முன்னால் வாழ்ந்தவர். ஒரு தோட்டத்தில் அவர் ஆர்கன் வாசிக்க, சுற்றியிருந்த பறவைகள் முதலில் மௌனமாகிவிட்டனவாம். பிறகு இரண்டு மடங்கு உற்சாகத்தோடு கூடவே பாடினவாம்! கதையில் கொஞ்சம் கற்பனை கலந்திருக்கலாம். ஆனால் அவருடைய திறமை கற்பனை இல்லை.

சின்ன வயதில் பெரியம்மை கண்டு, பார்வையே போய்விட்டது அவருக்கு. அதற்குப் பிறகுதான் இசைக்குள் வந்தார். மடியில் வைத்து வாசிக்கிற சின்ன ஆர்கன் அவருக்கு மிகவும் பிடித்தது. நம்ம ஆர்மோனியம் மாதிரியே ஒரு கை துருத்தியை அசைக்க, இன்னொரு கை கட்டைகளில் ஓடும். சான் லோரென்சோ தேவாலயத்தில் பல வருஷம் வாசித்தார். காதல் பாட்டுகளாக எழுதிக் குவித்தார். அவர் வாழ்ந்த நூற்றாண்டில் இத்தாலியில் உருவாகி, நமக்குக் கிடைத்திருக்கும் பாடல்களில் ஏறக்குறைய கால் பங்கு இவர் ஒருவருடையது!

1397-இல் மறைந்த லாந்தினியின் கல்லறையை அதே தேவாலயத்தில் இன்றும் பார்க்கலாம். அதன் மேல் செதுக்கியிருக்கும் உருவத்தின் கைகளில், அந்தச் சின்ன ஆர்கன்.