இருட்டில் மணி சொல்லும் தோழர்கள்

மதுரைக்கு மேற்கே நாகமலையும் சமணர் மலையும் இருக்கின்றன. அந்தப் பக்கத்து மாணவர்கள், பொழுது சாய்ந்ததும் பாறை இடுக்குகளிலிருந்து வௌவால்கள் கூட்டமாக வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழமான குகைக்குள் பகலும் இருட்டு, இரவும் இருட்டு. அப்படியிருக்க, வெளியே மாலையாகிவிட்டது என்று உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் வௌவாலுக்கு யார் சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களான மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர். அவர்களுடைய முடிவுகள் 1981இல் வெளியாயின. நட்பைப் பற்றிச் சிந்திக்கவும் அவை நமக்கு உதவுகின்றன.

தனித்தால் பிசகும் கடிகாரம்

உயிரினங்களின் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தூக்கம், பசி, சுறுசுறுப்பு எல்லாம் அதன்படியே நடக்கின்றன. ஆனால் அது சரியாக 24 மணி நேரம் காட்டுவதில்லை. சிறிது முந்தும் அல்லது பிந்தும். தினமும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது.

ஆராய்ச்சியாளர்கள் இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டிலிட்டு, குகையின் இருட்டுக்குள்ளேயே வைத்தார்கள். அதன் கூட்டத்தார் வழக்கம்போல் மாலையில் வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். கூண்டிலிருந்த வௌவால் வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை. எனினும் நாள் தவறாமல், மற்றவை கிளம்பும் நேரத்துக்கே அதுவும் சிறகடிக்கத் தொடங்கியது. தன் இனத்தார் இல்லாத இடத்தில் அதே வகை வௌவாலை வைத்தபோது அதன் கடிகாரம் 24 மணியிலிருந்து பிசகியது. ஆக, இருட்டில் அதற்கு மணி சொன்னது தோழர்களின் நடமாட்டமே!

இன்னொரு வியப்பும் உண்டு. வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை இலைமூக்கு வௌவால்களின் நடுவில் வைத்தார்கள். அதன் கடிகாரம் திருந்தவில்லை. இது 1983இல் வெளியான முடிவு. கூட்டத்தின் நடுவே இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கூட்டத்தின் குறிப்பு நமக்குப் புரியவேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பிலும் ஒரு மாணவன் தனியனாக இருக்கலாம் அல்லவா?

பசித்தவனுக்கு ஒரு வாய்

கூடி வாழ்வது தோழமை. நட்பு அதற்கு ஒரு படி மேல். அதற்கு எடுத்துக்காட்டைத் தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா நாடுகளில் வாழும் இரத்தம் குடிக்கும் வௌவால்களிடம் காணலாம். இவை நம் நாட்டில் இல்லை. தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் இந்த வௌவால் இறந்துவிடும். அப்படிப் பசியோடு திரும்பும் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த வேறொன்று தான் குடித்த இரத்தத்தில் சிறிதைக் கக்கிக் கொடுக்கிறது. கோஸ்டாரிக்காவில் இதைக் கவனித்து 1984இல் எழுதியவர் ஜெரால்டு வில்கின்சன்.

யாருக்குக் கொடுக்கிறது? இரத்த உறவுக்கு மட்டும்தானா? இல்லை. முன்பு தனக்கு உதவியதா என்பது உறவைவிட முக்கியம் என்று 2013இல் கார்ட்டரும் வில்கின்சனும் காட்டினார்கள். முன்பின் அறியாத வௌவால்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. அவை எடுத்தவுடன் உணவைக் கொடுக்கவில்லை. முதலில் ஒன்றன் உடலை ஒன்று நக்கிச் சுத்தம் செய்தன. அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகே சில வௌவால்கள் இரையைப் பங்கிட்டன. சிறிய உதவியில் நம்பிக்கையைச் சோதித்து, பிறகு பெரிய உதவிக்குப் போகின்றன. ஒரே நாளில் உயிர் நண்பர் ஆகிவிட முடியாது என்பது வௌவாலுக்கும் பொருந்தும்!

நமக்கு என்ன பயன்?

மனிதர்களைப் பற்றிய 148 ஆய்வுகளை 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் இடம்பெற்றவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு, அவை குறைந்தவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதை அவசரப்பட்டு மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் நலமுள்ளவர்களுக்கு நண்பர்களைத் தேடிக்கொள்வதும் எளிது. எனினும் தனிமை மனத்தை மட்டுமல்ல, உடலையும் வாட்டும் என்பதை இன்று மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

வௌவாலைத் தாண்டி மனிதன் போகும் இடம் ஒன்று உண்டு. பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த புலவர் பிசிராந்தையாரும் உறையூர் மன்னன் கோப்பெருஞ்சோழனும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, என் நண்பர் வருவார், அவருக்கு ஓர் இடம் வையுங்கள் என்றான். அவர் வந்தார். இதைப் புறநானூறு சொல்கிறது. பழகிப் பார்க்காமலும் கைம்மாறு எண்ணாமலும் நம்பிக்கை வைப்பது மனிதனுக்குக் கைகூடுகிறது.

மாணவர்களே, ஒரு மாலை நேரம் உங்கள் ஊர் வௌவால்கள் கிளம்பும் நேரத்தைத் தள்ளி நின்று குறித்துப் பாருங்கள். குகைக்குள் போகாதீர்கள், அவற்றைக் கலைக்காதீர்கள். ஒரு வாரம் தொடர்ந்து எழுதினால், கதிரவன் மறையும் நேரத்தோடு ஒப்பிடலாம்.

அதே வாரத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் நான்கு நாளாக வராதவன் யார்? வந்தும் யாரோடும் பேசாதவள் யார்? நடந்த பாடத்தின் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைவரை போய் வாருங்கள். முதல் உதவி சிறியதாக இருந்தால் போதும்.