13 இருந்தால்தான் பதுங்கலாம்

மாவனல்லைக்காரருக்கு உதுவன்கந்தை மலையை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. அந்த மலையில் பதுங்கியிருந்து, கண்டி வீதியில் போன வண்டிகளை மறித்த சரதியேலையும் தெரியும். அவனையும் கூட்டாளி மம்மலே மரிக்காரையும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிட்டார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் குழப்பும் ஒரு விதியைச் சரதியேலை வைத்தே சொல்கிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவெடுத்து, தாயக்கட்டை உருட்டுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என ஆறு எண்கள் உண்டு. சாதாரண மனிதனுக்கு 10.

இவற்றுக்கு மேலே வருபவை ‘ஃபீட்’ எனப்படும் விசேட திறமைகள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இவை அறிமுகமாயின. பலவற்றுக்கு முன்தகுதி உண்டு. 2014 கையேட்டில் உள்ள ‘ஸ்கல்க்கர்’ சரதியேலுக்கென்றே எழுதியது போலிருக்கும். அரைகுறை மறைப்பிலும் ஒளியலாம். ஒளிந்திருந்து தூரத்திலிருந்து தாக்கி, குறி தவறினாலும் இருக்குமிடம் தெரியவராது. ஆனால் சுறுசுறுப்பு 13 இருக்க வேண்டும். 12 என்றால் கிடையாது. அதற்காக மனம் உடைய வேண்டாம். ஆட ஆடப் பாத்திரம் படிப்படியாக உயரும். 4ஆம் படியில் திறமைக்குப் பதிலாக எண்ணைக் கூட்டிக்கொண்டு, 8ஆம் படியில் ஸ்கல்க்கரை எடுக்கலாம்.

எடுத்த பிறகு ஏதோ மந்திரத்தில் சுறுசுறுப்பு 11க்கு இறங்கினால்? திறமை பறிபோகாது, 13 திரும்பும்வரை பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். மேசையில் அதிகம் சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

முன்தகுதி கேட்பதில் மூன்றாம் பதிப்பு எல்லை மீறியது என்பேன். சுற்றி நிற்கும் எதிரிகள் அத்தனை பேரையும் ஒரே சுழற்சியில் வெட்டும் திறமைக்கு, சுறுசுறுப்பு 13, புத்தி 13, போதிய போர்ப் பயிற்சி, இவற்றோடு வேறு நான்கு திறமைகளும் முன்கூட்டியே வேண்டும். முதல் நாளே திட்டமிடாதவருக்கு அது எட்டாது. கதை எங்கே போகும் என்று தெரியுமுன் பாத்திரத்தின் முழு வாழ்க்கையையும் எழுதச் சொல்வது நியாயமில்லை.

அதைவிடக் கடுமையானவை 1978 கையேட்டின் விதிகள். ‘பாலடின்’ என்னும் புனித வீரராக வசீகரம் 17 வேண்டும். மூன்று கட்டைகளை உருட்டினால் 216 வழிகளில் நான்கில்தான் 17 அல்லது 18 விழும். அது விழுந்தாலும் மனித இனத்தவருக்கு மட்டுமே அனுமதி. குள்ளர் இனப் போர்வீரர் என்ன சாதித்தாலும் 9ஆம் படியோடு நிற்க வேண்டும். பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு. 1989இல் பெண்களுக்கான அந்த வரம்பு போனது. 2000இல் இனத்துக்கான தடைகளும் போயின.

13 வேண்டும் என்பதும், இந்த இனத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. முன்னதை உழைத்து எட்டலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவர், இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. கொழுந்தும் ரப்பர் பாலும் எடுத்த கைகளின் உழைப்பு அங்கே கணக்கில் வரவில்லை. பிரஜாவுரிமை இல்லாமல் எஞ்சியவர்களுக்கு வழி திறக்க 2003இன் சட்டம் வரவேண்டியிருந்தது.

சொந்தமாக ஆட்டமும் விதியும் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, முன்தகுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் திறமைக்கு மதிப்பில்லை. ஆனால் ஆடி அடையக்கூடியதாக வையுங்கள். அது என்னவென்று பாத்திரம் உருவாக்கும் நாளிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.