விவிலியத்தில் வாள்

முன்னுரை

நெல்லைச் சீமை ஈன்ற கிறித்தவக் கம்பர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). அவர்தம் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. தம்மைச் சிலுவையில் அறைவோரையும் மன்னிக்க வேண்டும் இயேசுவை அக்காப்பியம் உளமுருக வரைகின்றது. அதனைப் பயில்வோர் உள்ளத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. இத்துணைப் பொறையைப் பேசும் மறைநூல் வாளையும் பேசுகின்றதே. அது வன்முறைக்கு இசைவு தருகின்றதா? பல சமயத்தாரும் அருகருகே வாழும் மேலநீலிதநல்லூர் வட்டாரம் போன்ற இடங்களில் இதற்கு நேரிய விடை காண்பது இன்றியமையாததாகும்.

வாள் பற்றிய வாசகங்கள்

தாம் உலகிற்குக் கொணர வந்தது அமைதியன்று, வாளே என இயேசு கூறுமிடம் மத்தேயு 10:34 ஆகும். தொடரும் அடிகளோ, மகனுக்கும் தந்தைக்கும், மருமகளுக்கும் மாமிக்கும் கொள்கையால் நேரும் பிணக்கையே சுட்டுகின்றன. இதே கருத்தை உரைக்கும் லூக்கா 12:51-இல் வாள் என்ற சொல்லே இல்லை. பிரிவினை என்பதே உண்டு. எனவே ஈண்டு வாள் உருவகம் எனல் பொருந்தும்.

ஆடையை விற்றேனும் வாள் கொள்க என்னும் கருத்து லூக்கா 22:36-இல் வருகின்றது. ஆயின் அன்றிரவே சீடர் ஒருவர் தலைமைக் குருவின் ஏவலனது காதை வெட்ட, இயேசு தடுத்து அக்காதைக் குணமாக்குகின்றார். வாளெடுப்போர் வாளால் மடிவர் என்ற எச்சரிக்கையும் அவ்வேளையில் பிறந்ததே (மத்தேயு 26:52).

மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. பழைய ஏற்பாட்டின் யோசுவா நூலில் கானான் நகரங்கள் மீதான போர்கள் இறையாணையாகவே கூறப்படுகின்றன. உரோமையர் 13:4 தீயோரை ஒறுக்கும் வாளை ஆள்வோர்க்கு அளிக்கின்றது. எனினும் அதற்கு முந்திய அதிகாரம், பழிவாங்குதலை விடுத்துத் தீமையை நன்மையால் வெல்லுமாறு அடியார்க்கு அறிவுறுத்துகின்றது. அரசன் கை வாள் வேறு. சமயம் பரப்பும் வாள் வேறு. பின்னதற்குப் புதிய ஏற்பாட்டில் இடமில்லை.

வரலாறு காட்டும் இருமுகம்

ஆயினும் வரலாறு இவ்வேறுபாட்டை மதித்திலது. 1095-இல் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். தமிழகத்திலும், 1538-இல் இராமநாதபுரக் கடற்கரையின் வேதாளையில் போர்த்துகீசியப் படை மரைக்காயர்தம் கப்பற்படையை முறியடித்தது. அப்போரின் அடியில் கிடந்தவை முத்தும் கடல்வணிகமுமே. சமயம் கொடியாக மட்டும் பறந்தது.

அதே இராமநாதபுரச் சீமையின் ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ அரசாணையால் தலை வெட்டுண்டார். அவர் படை திரட்டினாரல்லர், வாளேந்தினாரல்லர். இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்த 1894-லேயே, தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள், தீமையை வன்முறையால் எதிர்க்கலாகாது என்னும் இயேசுவின் போதனையை வலியுறுத்தும் தோல்ஸ்தோயின் நூலைப் பயின்று ஆட்கொள்ளப்பட்டார். வேதாளையை மட்டும் கண்டு ஓரியூரை மறப்பது நேர்மையன்று; ஓரியூரை மட்டும் கூறி வேதாளையை மறைப்பதும் அவ்வாறே.

முடிவுரை

ஈசா நபி (அலை) அவர்களையும் அவர்களுக்கு அருளப்பெற்ற இன்ஜீலையும் ஏற்பது முஸ்லிம்களின் நம்பிக்கையாகும். தம்மோடு போரிடுவோரோடு போரிடவும், ஆயினும் வரம்பு மீறாதிருக்கவும் பணிக்கும் திருக்குர்ஆன் வசனத்தில் (2:190) முற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டி இஸ்லாத்தைப் பழிப்போர் உளர். அவர்களிடம், ‘இடம் நோக்குக, முழுமையும் நோக்குக’ என நாம் வேண்டுகின்றோம். அவ்வளவுகோலையே அயலார் மறைக்கும் கொள்வது நம் கடனன்றோ?

இன்னா செய்தார்க்கும் இனியவே செய்யும் சால்பை வள்ளுவர் வழி அறிந்த தமிழ் மாணவர்க்கு இது அரிதன்று. ஒற்றை வசனத்தை ஆயுதமாக்குவோர் எச்சமயத்தில் தோன்றினும், முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் படித்துக்காட்டுதலே தமிழ் கற்றார் செய்யத்தக்க தொண்டாகும்.