பட்டனுக்குப் பின்னால் – 7: மூன்று நாளைக்கு ஓர் அங்குலம்

பி-17 விமானத்தில் சக்கர சுவிட்சையும் இறக்கை ஃபிளாப் சுவிட்சையும் மாற்றித் தட்டிய விமானிகளைப் போன வாரம் பார்த்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். யூசர் ரிசர்ச் வேலைக்கு என்ன படிக்கலாம், சம்பளம் எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு டெலிபோன் வயர் காலைச் சுற்றிக்கொண்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். அமெரிக்காவில் செம்புக்குத் தட்டுப்பாடு. அன்றைய போன் வயர் ஏறக்குறைய மூன்றடி. ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் எவ்வளவு செம்பு மிஞ்சும்! டெலிபோன் கம்பெனி அதிகாரிகளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கேள்வி பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளரிடம் போய்ச் சேர்ந்தது.

நாமாக இருந்தால் ஒரு படிவம் அடித்து நீட்டியிருப்போம். ‘உங்கள் போன் வயர் எத்தனை அடி இருந்தால் வசதி?’ இப்படிக் கேட்டால் எவராவது குறைத்துச் சொல்வாரா? நாலடி, ஐந்தடி என்று ஏலம்தான் ஏறும். கார்லின் குழு யாரையும் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை சக ஊழியர்களின் அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்து, போன் வயரில் ஓர் அங்குலத்தைக் குறைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் அவர்களோடு சேர்ந்து காபியும் குடித்திருப்பார்கள். புகார் இல்லை. இன்னோர் அங்குலம். அப்போதும் இல்லை. முழுசாக ஓரடி காணாமல் போன பிறகுதான் ஆட்களுக்கு உறைத்தது. கணக்குப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருக்க வேண்டும்.

இந்தக் கதையை வீட்டில், ஆபீசில், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். நீங்கள்தான் பாக்கி.

யூசர் ரிசர்ச் வேலையின் சாரம் முழுக்க இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘ஜனங்கள் சும்மா இருப்பார்களா’ என்பது அதிகாரியின் கவலை. ‘எத்தனை அங்குலம் போனால் கவனிக்கிறார்கள்’ என்பது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி. முதலாவதை வாங்கி இரண்டாவதாக மாற்றித் தரத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். வேலை விளம்பரங்களோ ஃபிக்மா தெரியுமா, அந்தச் செயலி தெரியுமா என்று பட்டியல் போடுகின்றன. செயலியை ஆபீசில் சேர்ந்த பிறகுகூடக் கற்றுக்கொள்ளலாம். கேள்வியை மாற்றுகிற புத்தி அப்படிக் கைக்கு வந்துவிடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கார்லின் பாணியில் இன்றைக்கு யாராவது கத்தரிக்கோலோடு கிளம்பினால் வேலை போய்விடும். என்ன ஆராய்கிறோம், பதிவுகளை என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவதும் இந்தத் தொழிலில் அடிப்படை. நம் நாட்டிலேயே 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று.

கார்லின் என்ன படித்தவர் என்று பார்த்தால் நம் ஊர்க் கவுன்சலிங்கில் எந்தப் பிரிவிலும் அடங்க மாட்டார். 1918-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தத்துவம், உளவியல், இசை மூன்றும் படித்தார். கேப் டவுன் சிம்பொனியில் வயலின் வாசித்தார். சிகாகோவில் உளவியலில் டாக்டர் பட்டம். பிறகு மின் பொறியியலையும் ஒரு கை பார்த்தார். 1945-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பி.ஏ. படித்த பிள்ளைக்கு ஐ.டி. கம்பெனியில் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோருக்காக இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

அடுத்து அவர் குழுவிடம் வந்தது பட்டன். உங்கள் கைபேசியை எடுங்கள். எண் அழுத்தும் திரையில் 1, 2, 3 மேலே இருக்கும். அதே கைபேசியில் கால்குலேட்டரைத் திறங்கள். 7, 8, 9 மேலே. தினமும் பார்த்தும் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

போனில் 1 மேலே போனதற்குப் பின்னால் வருடக்கணக்கான ஆய்வு இருக்கிறது. போன வாரம் பார்த்த அந்த விமானச் சுவிட்ச் குழப்பத்தை ஆராய்ந்த சபானிஸும் மேரி லுட்ஸும் வெற்றுக் கட்டங்களைக் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என ஆட்களையே நிரப்பச் சொன்னார்கள். 1955-இல் வெளியான ஆய்வு அது. பெரும்பாலோர் புத்தகம் படிக்கிற வரிசையில், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று நிரப்பினார்கள். பிறகு டெய்னிங்கர் என்பவர் பல அடுக்குகளைச் செய்து பார்த்தார். வேகம் எவ்வளவு, பிழை எத்தனை, எது பிடித்திருக்கிறது என்று மூன்றையும் தனித்தனியாக அளந்து 1960-இல் வெளியிட்டார். பிடித்தது என்று ஆள் காட்டுவதும் விரல் வேகமாக ஓடுவதும் எப்போதும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் தனித்தனியாக அளக்க வேண்டியிருக்கிறது. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்களில் பட்டன் போன் சேவை தொடங்கியது. அப்போது பத்தே பட்டன். நட்சத்திரமும் ஹாஷும் 1968-இல்தான் வந்து ஒட்டிக்கொண்டன.

எத்தனை பேரை வைத்துச் சோதித்தால் போதும்? வேலை நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். ஐந்து பேர் போதும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஒரு திரையில் ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அது சரி. இரண்டு திரைகளில் எது வேகம் என்று ஒப்பிட ஐந்து பேர் பத்தாது. இந்த வித்தியாசத்துக்காகவாவது புள்ளியியலில் கொஞ்சம் உட்காருங்கள்.

படிப்பும் சம்பளமும் அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதுவும் உறுதி இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் நகல் எடுக்க முடியாமல் மெஷின் முன்னால் இருவர் திண்டாடுகிறார்கள். அதில் ஒருவர் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஆலன் நியூவெல்.