பிறப்புப் பதிவில் பெடியனின் பெயர்

வரிக்கணக்கு பேசுகிறவன் இந்த மாதம் குடும்ப விடயத்துக்குள் வருகிறானே என்று யோசிப்பீர்கள். சில வாரங்களுக்கு முன் நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு தாய் தொலைபேசியில் வந்தார். மகளுக்குப் பதினேழு வயது. பிள்ளை பிறந்து மூன்று கிழமை. தகப்பனும் அதே வயதுப் பெடியன், ஏ.எல். படிக்கிறான். "அவன்ரை பேரைப் பதியாமல் விட்டால் கரைச்சல் இல்லைத்தானே அண்ணை?" என்றார்.

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதியவேண்டும். திருமணமாகாத தகப்பனின் பெயர் தானாக ஏறாது. இருவரும் சேர்ந்து பதிவாளரிடம் போகவேண்டும். வரமுடியாதவர் சத்தியக் கூற்றுப் படிவம் கொடுத்துவிடலாம். 2003 டிசம்பர் 1 முதல், இப்படிப் பதிந்த தகப்பனுக்குச் சட்டப்படி 'பெற்றோர் பொறுப்பு' கிடைக்கிறது. பள்ளிக்கூடம், சத்திரசிகிச்சை போன்ற முடிவுகளில் அவனுக்கும் சொல் உண்டு. இப்போது விட்டால், பிறகு மறுபதிவு, தாயுடன் ஒப்பந்தம், அல்லது நீதிமன்றம் என்று அலையவேண்டும். பதிவது மகளின் முடிவு. அம்மம்மாவின் கையெழுத்து அங்கே தேவையில்லை.

எங்கட ஆட்களின் முதல் யோசனை "முடிச்சு வைப்பம்" என்பதுதான். 2023 பெப்ரவரி 27 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 18 வயதுக்கு முன் திருமணம் இல்லை. கோயிலில் தாலி மட்டும் கட்டுவோம் என்றாலும் குற்றம். ஒழுங்குசெய்த பெரியவர்கள்தான் மாட்டுவார்கள்.

அடுத்த யோசனை, பெடியனை வாசலோடு நிறுத்துவது. இளவயதுத் தகப்பன்மார் பலர் தொடக்கத்தில் வருகிறார்கள். பெட்டையோடு உறவு முறியும்போதும், அவள் வீட்டார் முகம் கொடுக்காதபோதும்தான் மெல்ல மறைகிறார்கள். "ஒரு சதம் தராதவனுக்கு என்ன உரிமை?" என்பார்கள். முழுநேரமாக ஏ.எல். படிக்கிறவனிடம் அரசின் பிள்ளைப் பராமரிப்புக் கணக்கே பூச்சியம்தான் கேட்கிறது. நாளை அவன் வாரம் 300 பவுண் உழைத்தால், ஒரு பிள்ளைக்கு 12 வீதம், அதாவது 36 பவுண். அதுவரை அவனிடம் இருப்பது நேரம். சனி மத்தியானம் வந்து நப்பி மாற்றட்டும், பால் கரைக்கட்டும், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கட்டும். மகள் அந்த நேரம் படிக்கலாம். நாளையும் மணியையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்கள் இருவரும் பிரிந்துவிட்டாலும் அந்தச் சனிக்கிழமை நிற்கவேண்டும். அடிக்கிற, வெருட்டுகிற பெடியன் என்றால் கதை வேறு. உடனே மருத்துவத் தாதியிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள்.

எங்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் தகப்பனை முதன்முதலில் விமான நிலையத்தில் கண்டவர்கள்! அது யுத்தமும் விசாவும் செய்த பிரிவு. இந்தப் பெடியன் இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிறான்.

அந்தத் தாய்க்கு இன்னும் மூன்று கிழமை அவகாசம் இருந்தது. பெடியனின் தாயுடைய தொலைபேசி இலக்கம் தன்னிடம் இல்லை, மகளிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.